ஒன்பது படி ஏணி

இந்த ஊரில் என்னைக் கண்டால், "அதோ, ஏணியை மறந்தவ போறா" என்பார்கள். பதினைந்து வருஷமாகச் சொல்கிறார்கள். நான் மறக்கவில்லை. இரண்டு கைப்பிடிக் கம்பி, நடுவே ஒன்பது படி, எல்லாவற்றையும் என் கையால் மை தொட்டு வரைந்தேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இதுதான் கடைசித் தடவை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நெட்டி கில்க்ரிஸ்ட். 1908இல் கிளாஸ்கோ பக்கம் கிளைட் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் நகல் எடுக்கும் வேலையில் இருந்தேன். நாங்கள் பதினாலு பெண்கள். ஆண்கள் மாடியில் உட்கார்ந்து பென்சிலால் தாளில் கப்பலை வரைவார்கள். அந்தத் தாளின் மேல், கஞ்சி போட்டு வழுவழுவென்று மெருகேற்றிய மெல்லிய லினன் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோட்டின் மேலேயே நாங்கள் மையால் கோடு போடுவோம். அந்தத் துணியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வெயிலில் காட்டினால் நீலத்தாளில் வெள்ளைக் கோடாக நகல் விழும். எங்கள் ஊர் வெயிலை நம்பி இப்படி ஒரு தொழில் நடந்தது என்பதே ஒரு கூத்து. கீழே கப்பல் கட்டுகிறவர்கள் கையில் இருப்பது அந்த நீலநகல்தான். அதில் இருந்தால் இரும்பில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் மூன்று கட்டம் உண்டு. வரைந்தவர், நகல் எடுத்தவர், சரிபார்த்தவர். நடுக்கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போடும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும். பெண்பிள்ளை கையெழுத்துக்கு வேறு எங்கே மரியாதை இருந்தது?

லேடி ஆர்டன் என்று ஒரு பயணிகள் நீராவிப் படகு. கிளாஸ்கோ ஜனங்களைக் கோடை விடுமுறைக்குத் தீவுகளுக்கு அழைத்துப்போகிற படகு. அதன் முழுப்படம் என் மேஜைக்கு வந்தது, ஆறடி நீளம். பாய்லர் அறையில், கரி அள்ளிப் போடுகிறவர்கள் நிற்கிற இடத்துக்கு இரண்டு ஏணி இருந்தது. இடப்பக்கச் சுவரில் ஒன்று, வலப்பக்கச் சுவரில் ஒன்று. எங்கள் பட்டறை கட்டிய எல்லாப் படகிலும் அப்படித்தான். அரசாங்க அதிகாரி அந்தப் பென்சில் படத்தைப் பார்த்து முத்திரை குத்தியிருந்தார். பன்னிரண்டு நாள் குனிந்து உட்கார்ந்து முடித்தேன். கழுத்து திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தலைப்பில் ஓர் எண்ணை மாற்றச் சொல்லி அந்தத் துணி என்னிடம் திரும்பி வந்தது. வலப்பக்க ஏணியைக் காணோம். அந்த இடம் வெறும் சுவர். அதற்கு மேல், பயணிகள் தளத்தில், டீ கொடுக்கிற ஓர் அறை புதிதாக முளைத்திருந்தது. அந்தக் கோடுகள் என்னுடையவை அல்ல. துணியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சவரக்கத்தியால் மையைச் சுரண்டி எடுத்து, சாக்பீஸ் பொடி தூவித் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். நல்ல கை. எங்கள் தலைமை வரைவாளர் பர்விஸ் கை. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"சார், வலப்பக்கத்து ஏணியக் காணோமே?"

"எந்த ஏணி?"

"நான் வரைஞ்சது சார். ஒன்பது படி."

பர்விஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்துகிற மனுஷன் இல்லை அவர். "ஏம்மா நெட்டி, உனக்குச் சம்பளம் கோடு போடறதுக்கா, கப்பல் கட்டறதுக்கா?"

"கோடு போடறதுக்கு சார்."

"அப்பப் போடு. படகு வாங்கறவங்க மேல டீ ரூம் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. ஏணியோட வாய் சரியா அங்க வந்து இடிக்குது. ஒரு ஏணி போதும். அதிகாரிக்கு நான் லெட்டர் எழுதிக்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து எண்ணை மாற்றினேன். என் மேல் ஒரு குற்றம் உண்டென்றால் அது இதுதான். இதற்குத் தண்டனை கொடுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது பீனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீனி லமான்ட், ஒரே மாடிப்படியில் எனக்கு எதிர்வீடு, பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. எங்கள் கட்டடம் முழுவதும் பட்டறைக்குச் சொந்தம். அவள் புருஷன் டூகல், புதுப் படகுகளை வெள்ளோட்டம் விடும்போது பாய்லருக்குக் கரி போடுகிற ஆள். தாடியெல்லாம் கரி, சிரித்தால் பல் மட்டும் தெரியும். என் விரலில் மைக்கறையைப் பார்த்துவிட்டு, "நானும் கறுப்பு, நீயும் கறுப்பு. ஆனா உன்னைய மட்டும் நாற்காலி போட்டு உக்கார வைக்கறாங்க, இது என்ன நியாயம் நெட்டி?" என்பான். பீனி அப்போது மாசமாக இருந்தாள். ஞானஸ்நானத்துக்குச் சட்டை நான் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

துணி எங்கிருந்து வரும் என்று எங்களுக்குள் கேள்வியே கிடையாது. கெட்டுப்போன நகல் துணி வரும். மை கொட்டியது, ஓரம் கிழிந்தது, எல்லாம் மாசக் கடைசியில் எங்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் கஞ்சி கரையும், கஞ்சியோடு மையும் உரிந்து வந்துவிடும். அடியில் இருக்கிற லினன், கடையில் நாங்கள் விலை கேட்கவே தயங்குகிற துணி. இந்த ஊர்க் குழந்தைகள் பாதிப் பேர் கப்பல் படத்தைக் கட்டிக்கொண்டுதான் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் பீனிக்குப் பெண் பிறந்தது. எல்ஸ்பி என்று பெயர். மறுநாளே பர்விஸ் எங்கள் அறைக்கு வந்தார், கையில் ஒரு பெரிய துணிச்சுருள்.

"உன் சிநேகிதிக்குக் குழந்தை பொறந்திருக்காமே? இந்தா. டீ கொட்டிடுச்சு. நகலெல்லாம் எடுத்தாச்சு, இனிமே இது எதுக்கும் ஆகாது. சட்டை தச்சுக் குடு."

ஆறடித் துணி. சீட்டில் எங்களுக்கு விழுவது கைக்குட்டை அளவு. பக்கத்து மேஜைக்காரி என் விலாவில் இடித்து, "என்னடி, பர்விஸுக்கு உன்மேல ஒரு கண்ணா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று "ரொம்ப நன்றி சார்" என்று இரண்டு தடவை சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என்ன படம் என்று பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். லேடி ஆர்டன் என்று தலைப்பு எழுதியதே நான்தானே? எனக்கு உறைக்கவில்லை. டீக்கறை ஒரு மூலையில் உள்ளங்கை அகலம்தான் இருந்தது, அதற்காக யாரும் முழுப்படத்தைத் தூக்கிப்போட மாட்டார்கள் என்பதும் உறைக்கவில்லை. என் கண்ணுக்குத் துணிதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். என் பன்னிரண்டு நாள் உழைப்பு கருப்புத் தண்ணீராகச் சாக்கடையில் போயிற்று. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

தைக்கும்போது ஓரிடத்தில் துணி நைந்திருந்தது. விரல் நீளம் இருக்கும். கத்தி பட்ட இடம் என்று தொட்டவுடனே தெரிந்தது. நல்ல துணியில் இப்படி ஆகிவிட்டதே என்று திட்டிக்கொண்டே, அந்த இடம் பின்பக்கம் கீழ் ஓரத்து மடிப்புக்குள் போகும்படி வெட்டித் தைத்தேன். அதன் மேல் ஒரு சின்னப் பூவேலையும் போட்டேன்.

மார்ச் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். சர்ச்சுக்குப் போகிற வழியில் குழந்தையைத் தூக்குகிறவள் கையில் ஒரு பொட்டலம் இருக்க வேண்டும். இஞ்சி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு வெள்ளிக்காசும். பெண் குழந்தை என்றால் எதிரே வருகிற முதல் ஆண்பிள்ளைக்கு அதைக் கொடுப்போம். நான்தான் தூக்கிப் போனேன். முனை திரும்பினதும் எதிரே வந்தது பர்விஸ். பொட்டலத்தைக் கொடுத்தேன். தொப்பியைத் தூக்கி வாங்கிக்கொண்டார். அப்புறம் குனிந்து, குழந்தையின் சட்டை முனையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"பிரமாதமா வெளுத்திருக்கே நெட்டி. ஒரு கோடுகூடத் தெரியல."

டூகல் பின்னால் நின்றுகொண்டு பெருமையாகச் சிரித்தான். "நெட்டி கையில பட்டா கரியும் வெளுக்கும் சார்!" சர்ச்சுக்குள் போகிற வரை குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கி அவனே வைத்துக்கொண்டான். சட்டையில் விரல் படக்கூடாதென்று கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தான், பாவி.

அந்த மாசக் கடைசி வியாழக்கிழமை லேடி ஆர்டன் வெள்ளோட்டம் போயிற்று. மேல்தளத்தில் முதலாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேகம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நீராவியை ஏற்றினார்கள். பாய்லர் அறையின் இடப்பக்கத்தில் குழாய் இணைப்பு ஒன்று வெடித்தது. இடப்பக்க ஏணியின் அடியில் நின்றிருந்த ஒருவன் முதுகு வெந்து மேலே வந்து விழுந்தான். மற்ற மூன்று பேர் வரவில்லை. நீராவி அடங்கி உள்ளே இறங்கிப் பார்க்க அரைமணி ஆயிற்று. இரண்டு பேர் கரிக்குவியலில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். டூகல் வலப்பக்கச் சுவரோடு நின்ற நிலையிலேயே சரிந்திருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான், உள்ளங்கைகள் இரும்பில் ஒட்டியிருந்தன. எங்கள் பட்டறைப் படகுகளில் பத்து வருஷம் கரி போட்டவன். புகையில் கண் தெரியாதபோது, எங்கே ஏணி இருக்குமோ அங்கேதான் போயிருக்கிறான்.

மே மாதம் நீதிமன்றத்தில் விசாரணை. மேஜையில் இரண்டு படம் விரித்திருந்தார்கள். பென்சில் படத்தில் ஏணி இருந்தது. நீலநகலில் இல்லை. இரண்டுக்கும் நடுவே என்ன இருந்தது என்று பட்டறையின் வக்கீல் கேட்டார். நகல் துணி. அதை எழுதியது யார்? மூலையில் என் எழுத்து இருந்தது. சரிபார்த்தவர் கட்டத்தில் இருந்தது ஒரு கிழவர் பெயர், அவர் ஏப்ரலில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நான் வரைஞ்சேங்க. மிஸ்டர் பர்விஸ்தான் சுரண்டி எடுத்தார். நானே கேட்டேன் அவர்கிட்ட" என்றேன்.

"அந்தத் துணி எங்கம்மா?"

"அது... துவைச்சுட்டேன்."

"துவைச்சுட்டியா?"

"சட்டை தைச்சேன்."

நீதிமன்றத்தில் சிரித்தார்கள். மூன்று பேர் வெந்து செத்த விசாரணையில் சிரித்தார்கள். பர்விஸ் எழுந்து, கெட்டுப்போன துணியைப் பெண்களுக்குக் கொடுப்பது பழைய வழக்கம் என்றும், யார் எதை எடுத்துப்போனார்கள் என்று கணக்கு வைப்பதில்லை என்றும், டீ அறை பிற்பாடு சேர்த்தது, நகலில் அங்கே ஏணி இல்லாததால்தான் அந்த இடத்தில் வைத்தோம் என்றும், வருத்தமான குரலில் சொன்னார். "நல்ல பொண்ணுதாங்க. அந்தச் சமயத்துல சிநேகிதியோட குழந்தை ஞாபகமாவே இருந்துச்சு. படம் எழுதறப்பவே மனசுல சட்டை தச்சுக்கிட்டிருந்திருக்கும்."

நகல் எடுத்தவரின் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. பீனி முன்வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு வாசித்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றி எறிந்திருக்கலாம், அந்தப் பார்வையைவிட அது தேவலாம். வேலை அன்றே போயிற்று. பத்து நாளில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. ஒரு பழைய திரைச்சீலையை உதறி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நைந்த இடத்தில் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. சட்டையின் மடிப்புக்குள் நான் ஒளித்துத் தைத்த அந்த நைந்த இடம்! கஞ்சி போயிருக்கலாம், மை போயிருக்கலாம். கத்தி அறுத்த நூல் எங்கே போகும்?

அன்று செவ்வாய்க்கிழமை, பின்கட்டுத் துவைக்கிற அறை பீனியின் முறை. அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை கூடையில் தூங்கியது. என்னைக் கண்டதும் கிண்டுகிற கழியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி வந்தே? இன்னும் ஏதாச்சும் துவைக்கணுமா?"

"பீனி, அந்தச் சட்டைய ஒரு தடவ காட்டு. பாத்துட்டுப் போயிடறேன்."

"எரிச்சிருப்பேன்டி அத. உன் கை பட்டதுன்னு அன்னிக்கே எரிச்சிருப்பேன். அவரு இவளத் தூக்கினது அந்தச் சட்டையிலதான். அதான் வச்சிருக்கேன். போ இங்கேருந்து."

"அதுல ஏணி இருக்கு பீனி."

கழி கீழே இறங்கியது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள் போல. கதவை வெளியே தாழிட்டுவிட்டு மேலே போனாள், சட்டையோடு வந்தாள். நான் பின்பக்கத்து மடிப்பைப் பல்லால் பிரித்தேன், பூவேலையை உருவினேன், துணியை ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து இழுத்துப் பிடித்தேன். வெளியே நல்ல வெளிச்சம். விரல் நீளத்துக்கு இரண்டு கோடு, நடுவே குறுக்குக் குறுக்காக, வெளிச்சத்தாலேயே வரைந்த மாதிரி.

பீனிக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் ஏணி தெரியும். மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஒன்பது."

"நான் வரைஞ்சேன்டி. வரைஞ்சேன்."

"இதத்தான் தேடினாரா அவரு?"

அவள் கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் என் மைக்கறைக் கை இரண்டையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாளைக்கே வக்கீலிடம் போகலாம், பத்திரிகைக்காரனிடம் போகலாம் என்று மளமளவென்று பேச ஆரம்பித்தேன். பீனி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நெட்டி, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"இவளுக்குப் பதினாலு வயசாகற வரைக்கும் இந்த வீட்டுல இருக்கலாம். பட்டறை சாப்பாட்டுக் கூடத்துல எனக்குப் பாத்திரம் தேய்க்கற வேல. பட்டறை மேல எந்தப் புகாரும் இல்லைன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. பர்விஸேதான் பேப்பரக் கொண்டுவந்தாரு. பேனாவும் அவரோடதுதான்."

"அது சரி, ஆனா இதப் பாத்தா..."

"பாத்தா என்னடி ஆகும்? குழந்த சட்டையத் தூக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி நிப்பியா? அன்னிக்குச் சிரிச்சாங்களே, இன்னும் கொஞ்சம் சிரிப்பாங்க. அப்புறம் நானும் இவளும் ரோட்டுல நிக்கணும்."

துணி வெட்டுகிற கத்தரியை ஆணியிலிருந்து எடுத்தாள். சட்டையின் கீழ் ஓரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, கோணாமல், வெட்டிக்கொண்டே வந்தாள். பிடுங்கியிருக்கலாம் நான். அவளைவிட எனக்குப் பலம் அதிகம். என் பெயர், என் வேலை, என் எதிர்காலம் எல்லாம் அந்த ஒரு சாண் துணியில் இருந்தது. ஆனால் வேலைக்குப் பயந்து நான் வாயை மூடியபோது அவள் புருஷன் உயிரோடு இருந்தான். இப்போது வீட்டுக்குப் பயந்து அவள் மூடுகிறாள். நான் எந்த முகத்தோடு அவள் கையைப் பிடிப்பேன்? அண்டாவுக்கு அடியிலிருந்த நெருப்பில் அந்தத் துணியைப் போட்டாள். மேல்துண்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நெட்டி, இனிமே ரோட்டுல உன்னப் பாத்தா திட்டுவேன். நாலு பேர் முன்னாடி காறித் துப்புவேன். நான் உன்னோட பேசினேன்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சந்தேகம் வரும். தப்பா எடுத்துக்காதடி."

"துப்பு" என்றேன். வேறென்ன சொல்ல?

சொன்னபடி செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஊரே நின்றது. நான் வருவதைப் பார்த்ததும், "என் புருஷனக் கொன்னவ வரா பாருங்க!" என்று கத்தி, என் பாவாடையில் விழும்படி துப்பினாள். கூட்டம் எனக்கு வழி விட்டு விலகியது. படியில் நின்றிருந்த பர்விஸ் இறங்கி வந்து, ஆறுதலாக அவள் தோளைத் தொட்டார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் அன்றைக்குப் பிடித்த மாதிரியே சட்டை முனையை இரண்டு விரலால் பிடித்தார். புதிதாக மடித்துத் தைத்த ஓரத்தைத் தடவினார்.

"சட்டை குட்டையாயிடுச்சே?" என்றார்.

"குழந்தை வளருதுல்ல சார்" என்றாள் பீனி.